அர்த்தநாரி ஐயாவும் ஆறு கேன் மண்ணெண்ணெயும்

பிரிட்டனின் வெளிநாட்டு உளவுத் துறைத் தலைவர் மேடையில் நின்று பேசுகிற படம் ஒன்று சில வாரங்களுக்கு முன் நாளிதழில் வந்திருந்தது. கீழே அவருடைய பெயர், படித்த கல்லூரி, இதற்கு முன் பார்த்த வேலைகள். கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் என்னோடு நடக்க வருகிற பழனிவேல் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ரிக் வண்டியோடு வடநாடெல்லாம் சுற்றி ஆழ்துளைக் கிணறு போட்டவர் அவர்.

"ஏனுங்க, ஒளவு பாக்கறவருக்கே ஃபோட்டோ போட்டுட்டா அப்பறம் எப்புடி ஒளவு பாக்கறது?"

"அவர் எங்கே பார்க்கிறார்? பார்த்துவிட்டு வந்து சொல்கிறவர்களை நம்பலாமா கூடாதா என்று முடிவு பண்ணுவதுதான் அவர் வேலை."

"உங்களுக்கெப்புடித் தெரியும்?"

"நான் பார்த்துவிட்டு வந்து சொன்னவன்."

பழனிவேல் டீயைக் கீழே வைத்தார். "நீங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருந்தீங்கன்னுல்ல நான் நெனச்சேன்? எம்பட மருமவன் லைசென்ஸுக்குக்கூட உங்களத்தான் கேக்கலாம்னு இருந்தேன்."

லண்டனில் அந்தப் பதவியில் இருந்தவர்களைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். ஒரு காலத்தில் அவருடைய பெயரை அரசாங்கம் வெளியே சொல்லாது. ஒற்றை எழுத்தால்தான் குறிப்பிடுவார்கள். பச்சை மையில் கையெழுத்துப் போடுவது பழக்கம். படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஒரு முகம்தான் மனதில் வரும். அது திருச்செங்கோட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த, உயரம் குறைந்த, எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பதுபோல் தோன்றுகிற ஒரு மனிதரின் முகம். அர்த்தநாரி ஐயா. எங்கள் மாவட்டத்தில் காவல் துறையின் உளவுப் பிரிவுக்குத் தலைவராக இருந்த இன்ஸ்பெக்டர். அவருக்குக் கீழே நாங்கள் பதினோரு பேர், இரண்டு அறைகள், ஒரு தொலைபேசி. தொலைபேசியில் அவர் பெயரை நாங்களும் சொல்ல மாட்டோம். "பெரிய ஊட்டுல இருக்காங்களா?" என்று கேட்போம். எங்களுக்கு அதுதான் ஒற்றை எழுத்து.

ஓய்வு பெற்றோர் மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். எதை எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இப்போது உளவுப் பிரிவில் இருக்கிற ஒரு பெண் சப் இன்ஸ்பெக்டர் தொலைபேசியில் பேசினார். ஒரு கலவரச் செய்தி நாற்பது வாட்ஸப் குழுக்களில் வந்திருக்கிறதாம். "நாப்பது எடத்துல வந்துருக்குதுங்க ஐயா, அப்ப உறுதின்னு எடுத்துக்கலாங்களா?" என்று கேட்டார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வெகு நேரம் வேறெதுவும் ஓடவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

தேதிகளை எழுதிவைப்பது என் நோய். பணியில் சேர்ந்த நாள் முதல் டைரிகள் இருக்கின்றன. ஆனாலும் இங்கே கிழமையும் தமிழ் மாதமும் மட்டும்தான் தருகிறேன். ஊர்ப் பெயர் ஒன்றையும் விட்டுவிடுகிறேன். அந்த மனிதர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

நான் சூரமங்கலத்து ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். அப்பா சரக்கு ரயில் கார்டு. பள்ளி முடித்ததும் தமிழ்ச் சுருக்கெழுத்துக் கற்றேன், காவல் துறையில் சேர்ந்தேன். சுருக்கெழுத்துத் தெரிந்ததால் பொதுக்கூட்டப் பேச்சுகளைக் குறிப்பெடுக்க அனுப்பினார்கள். அங்கிருந்து ஏட்டாக உளவுப் பிரிவு. பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான். மற்றதெல்லாம் பேருந்துகளிலும் டீக்கடைகளிலும் வந்தது.

அந்த வேலையை இப்போது நினைத்தால் பாதித் தூக்கத்தில் பார்த்ததுபோல இருக்கிறது. சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி வழியாக வெண்ணந்தூர் போகிற பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பேன். தார்ச்சாலைக்கு மேலே வெயில் தண்ணீர்போல நெளியும். அலவாய்மலை தரையைத் தொடாமல் நிற்பதுபோலத் தெரியும். முன் இருக்கையில் இருவர் பேசுவது காதில் விழும். கண்ணை மூடிக்கொண்டால் எந்தக் குரல் பயப்படுகிறது, எந்தக் குரல் பெருமையடிக்கிறது என்று தனியாகப் பிரியும். பயணச்சீட்டின் பின்பக்கம் நாலு சுருக்கெழுத்துக் கோடுகள் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். குறிப்பேடு கையில் இருக்கக் கூடாது என்பது ஐயாவின் உத்தரவு. யாராவது என்ன வேலை என்று கேட்டால் இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று சொல்லச் சொல்லியிருந்தார். "அதுக்கு மேல ஒருத்தனும் ஒரு வார்த்தை கேக்க மாட்டானுங்க. எந்திரிச்சு அடுத்த பெஞ்சுக்குப் போயிருவான். நீங்க நிம்மதியாக் கேட்டுக்கலாம்."

அறிக்கை வாசிப்பு மாலை ஐந்தரைக்கு. மேலிடத்துக்கு அனுப்புவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் அறிக்கையை உரக்கப் படிக்க வேண்டும். ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார், செருப்பைக் கழற்றுவார், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். புதிதாக வந்தவர்கள் தூங்கிவிட்டார் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்துவார்கள். நம்ப முடியாத வாக்கியம் வந்தால் அவருடைய வலது கால் பெருவிரல் அசையும். நாங்கள் ஒரு கண்ணைத் தாளிலும் ஒரு கண்ணை அந்த விரலிலும் வைத்துக்கொண்டு படிப்போம்.

விரல் அசைந்தால் கேள்வி வரும்.

"ஆரு சொன்னா?"

"சலூன்காரருங்கய்யா."

"அவருக்கு ஆரு சொன்னா?"

"முடிவெட்ட வந்த டிரைவர்."

"டிரைவர் பாத்தாரா, கேட்டாரா?"

பார்த்த ஒரு ஆள் கிடைக்கும்வரை விட மாட்டார். பென்சிலை எடுத்து ஒரு பழைய தாளில் கிளை கிளையாகக் கோடு போடுவார். கீழே செய்தி, அதற்கு மேலே சொன்னவர், அவருக்கு மேலே அவருக்குச் சொன்னவர். அதற்கு வம்சாவளி என்று பெயர் வைத்திருந்தார். நான் சேர்ந்த முதல் மாதம் அதை எனக்கு விளக்கினார்.

"எங்கூர்ப் பக்கம் பொண்ணு பாக்கப் போனா மொதல்ல என்ன கேப்பாங்க தெரியுங்களா? நீங்க என்ன குலம்னு. ஒரே குலம்னா பங்காளிங்க, அண்ணன் தங்கச்சி மொறை. பொண்ணு எவ்வளவு லட்சணமா இருந்தாலும் காப்பியக் குடிச்சுப்போட்டு எந்திரிச்சு வந்தர்றதுதான். செய்தியும் அப்படித்தானுங்க ஏட்டு. ரெண்டு செய்தி ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதுன்னு சந்தோசப்பட்டு முடிச்சுப் போட்டுராதீங்க. ரெண்டும் என்ன குலம்னு கேளுங்க. மேல போனா ஒரே தாத்தன் இருந்தான்னா, அது ரெண்டு செய்தி இல்ல, ஒண்ணு."

ஒரு சமயம், பெரிய தலைவர் ஒருவர் ரகசியமாக ஆட்டையாம்பட்டிக்கு வருகிறார் என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். ஐயா கோடு போட்டுக்கொண்டே போனார். மூன்று கோடும் ஒரு முறுக்குக் கடையில் போய் முடிந்தன. கடைக்கு இரண்டாயிரம் முறுக்குக்கு ஆர்டர் வந்திருந்தது. ஒரு கல்யாண வீட்டு ஆர்டர். "தலைவரு வந்தா ரெண்டாயிரம் முறுக்கு தின்னுட்டுத்தான் போவாரு பாருங்க" என்று ஐயா சிரித்தார். எனக்குத் தெரிந்து அலுவலகத்தில் அவர் பல் தெரியச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

இப்படிப்பட்டவருக்குக் கீழே இருந்துகொண்டு நான் ஒரு வித்தையை அவருக்குத் தெரியாமல் வைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்து மனிதர்களிடம் நேராகக் கேட்டால் பதில் வராது. தப்பாக ஒன்றைச் சொன்னால் திருத்தாமல் இருக்க அவர்களால் முடியாது. "உங்க ஊர்க் கூட்டத்துக்கு முன்னூறு பேர்தான் வந்தாங்களாமே?" என்பேன். "எந்தக் குருடனுங்க சொன்னது? எண்ணூறு பேரு!" என்று பதில் வரும். எண்ணிக்கை கையில் கிடைத்துவிடும். இதை நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். வம்சாவளி கேட்கும்போது "டீக்கடைக்காரர் சொன்னார்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். டீக்கடைக்காரரிடம் முதலில் வாயைத் திறந்தது நான்தான் என்பதைச் சொல்ல மாட்டேன்.

மாசி மாதம். வெண்ணந்தூரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு ஊர். தெருவுக்குத் தெரு விசைத்தறிகள். ஊருக்கு மேற்கே ஒரு சாயப்பட்டறை வந்திருந்தது. அதன் கழிவுநீர் வாய்க்காலில் கலந்தது. அந்த வாய்க்காலைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். திங்கட்கிழமை ஊதாவாக ஓடும், செவ்வாய்க்கிழமை குங்குமமாக ஓடும், ஒரு சில நாள் இரண்டும் கலந்து அந்தி வானம்போல ஓடும். கரையில் நின்ற கொக்குகளின் கால்கள் பச்சையாக இருந்தன. பார்க்க அழகாக இருந்தது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அது ஊர்க் கிணறுகளில் இறங்கிக்கொண்டிருந்தது.

பட்டறையை மூடச் சொல்லி ஊரார் போராடினார்கள். முன்னால் நின்றவர் மாணிக்கம் என்ற தறித் தொழிலாளி. முப்பத்தைந்து வயதிருக்கும். தறிச் சத்தத்தில் பேசிப் பேசிச் சாதாரணமாகப் பேசினாலும் கூப்பிடுவதுபோல இருக்கும் குரல். நான் முதலில் அவரைப் பார்த்தபோது வாய்க்கால் ஓரம் குந்தி, ஒரு வெள்ளைக் கன்றின் காலில் ஏறியிருந்த நீலத்தை வைக்கோலால் தேய்த்துக்கொண்டிருந்தார். நிறம் போகவில்லை. கன்று நீலக் காலோடு நடந்து போனது. அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பட்டறைக்குத் தீ வைப்பார்களோ என்று மேலிடத்துக்குப் பயம். போய்ப் பார்த்துவரச் சொன்னார்கள். போனேன், டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிளம்புகிற சமயத்தில் கடைக்காரரிடம் என் வித்தையைக் காட்டினேன்.

"ஏனுங்க, மாணிக்கத்து ஆளுக மலையடிவாரத்துல ஆறு கேன் சீமெண்ணெய் ஒளிச்சு வச்சிருக்காங்களாமே?"

ஒன்றுமில்லை என்றால் "எவன் சொன்னது?" என்று சண்டைக்கு வருவார், ஏதாவது இருந்தால் எண்ணிக்கையைத் திருத்துவார் என்று நினைத்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. டீ ஆற்றுகிற கை நின்றது. "அப்படிங்களா?" என்றார்.

நான் அன்றைய அறிக்கையில் எழுதினேன்: ஆறு கேன் மண்ணெண்ணெய் சேகரித்து வைத்திருப்பதாக ஊரில் பேச்சு உள்ளது; டீக்கடைக்காரர் மறுக்கவில்லை; உறுதி செய்யப்பட வேண்டும். ஐயா அன்று விடுப்பு. அறிக்கை அப்படியே மேலே போனது.

அடுத்த வாரம் பக்கத்துக் காவல் நிலையத்திலிருந்து ஒரு தகவல் வந்தது. மாணிக்கத்தின் ஆட்கள் அலவாய்மலை அடிவாரத்தில் ஆறு கேன் மண்ணெண்ணெய் பதுக்கியிருக்கிறார்கள் என்று ஒரு லாரி புரோக்கர் சொன்னாராம். அதற்கு மறுநாள் பட்டறை முதலாளியே புகார் கொடுத்தார். அதிலும் ஆறு கேன். போலீஸார் போய் அடிவாரத்தைத் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. "இடம் மாற்றியிருக்கக்கூடும்" என்று எழுதினார்கள். கிடைக்காததும் ஒரு சாட்சியாகிவிட்டது. மூன்று தனித்தனி வழிகளில் உறுதியான செய்தி என்று குறித்து, மாணிக்கத்தை ஓராண்டு தடுப்புக் காவலில் வைக்கக் கோப்புத் தயாரானது. வெள்ளிக்கிழமை பட்டறைக்கு ஊர்வலம் என்று அறிவித்திருந்தார்கள். வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குக் கலெக்டர் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. போட்டுவிட்டால் ஒரு வருடம் ஜாமீன் கிடையாது.

வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு ஐயா கோப்பை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். கண்ணை மூடினார். முதல் அறிக்கை, இரண்டாவது, மூன்றாவது. விரல் அசைந்துகொண்டே இருந்தது.

"ஏட்டு, மூணு பேரும் ஆறுன்னே சொல்றாங்களே. நம்மூர்ல ஒரு ஆக்சிடென்ட் நடந்தா ஒருத்தன் ரெண்டு பேரு செத்தான்பான், ஒருத்தன் அஞ்சும்பான். நெசமாக் கண்ணுல பாத்தவங்க கணக்கு ஒத்துப்போகாதுங்க. இது மூணும் பங்காளிங்க. தாத்தன் ஆருன்னு தெரியல." கண்ணைத் திறக்காமலே கேட்டார். "உங்கட டீக்கடைக்காரருக்கு ஆரு சொன்னா?"

அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. டீக்கடைக்குப் போன அன்று காலை பேருந்தில், ஆட்டையாம்பட்டி நிறுத்தத்தில் ஒரு அம்மாள் ஏறினாள். முன் இருக்கையின் கம்பியில் முறுக்குப் பொட்டலங்களைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டாள். வெண்ணந்தூர்வரை அவை என் கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டே வந்தன. அரைத் தூக்கத்தில் எண்ணியிருக்கிறேன். ஆறு.

"விசாரிக்கிறேனுங்கய்யா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பேருந்து நிலையத்துக்குப் போய் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். சப் இன்ஸ்பெக்டர் பதவி உயர்வுப் பட்டியல் அந்த மாதம் வரவேண்டும். என் பெயர் அதில் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். பொய்யை ஊருக்குள் விட்டு, அதையே செய்தியாக எழுதியவன் என்று தெரிந்தால் பட்டியல் மட்டுமா போகும்? இன்னொரு பக்கம், நான் வாயைத் திறக்காவிட்டால் என்ன நடக்கும் என்றும் எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் நடக்காது. யாருக்கும் தெரியாது. டீக்கடைக்காரருக்குக்கூட நான் யாரென்று தெரியாது. ஒரு மனிதர் ஒரு வருடம் சேலம் சிறையில் இருப்பார். ஏன் இருக்கிறோம் என்பது அவருக்கும் தெரியாது. பேருந்துகள் வந்தன, திரும்பின, புறப்பட்டன. நடத்துநர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவினார்கள். எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தபோது இரண்டு இருபத்தைந்து. எழுந்தேன்.

ஐயா அதே நாற்காலியில் அதே மாதிரி சாய்ந்திருந்தார்.

"கடைக்காரருக்குச் சொன்னது நான்தாங்கய்யா."

விரல் அசையவில்லை.

"ஆறு?"

"அதுவும் நான்தான். பஸ்ஸுல ஒரு அம்மா முறுக்குப் பொட்டலம் தொங்கவிட்டிருந்தாங்க."

கண்ணைத் திறந்தபோது அவர் கோபமாக இல்லை. களைத்திருந்தார்.

"சோறு உண்டீங்களா?"

"இல்லீங்கய்யா."

மேஜைக்குக் கீழேயிருந்து டிபன் கேரியரை எடுத்தார். "இந்தத் தயிர்ச் சோத்த உண்ணுங்க. வெறும் வயித்துல தப்ப ஒத்துக்கிட்டா அழுகாச்சி வரும். கலெக்டர் முன்னால அழுகக் கூடாதுங்க." நான் கை கழுவியதும் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "இப்பச் சொன்னத எழுதிக் கையெழுத்துப் போடுங்க. முறுக்கையும் எழுதுங்க."

"முறுக்கு எதுக்குங்கய்யா?"

"அது இல்லீன்னா ஆரும் நம்ப மாட்டாங்க."

மூன்றரைக்குக் கலெக்டர் அறைக்குள் போனோம். வயது குறைந்தவர். இரண்டு இரவு தூங்காதவர் மாதிரி இருந்தார். என் தாளைப் படித்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் படித்தார்.

"அப்ப உங்க ஆளு கதை கட்டியிருக்கார்."

"எங்க பிரிவு கட்டுனதுங்கய்யா" என்றார் அர்த்தநாரி ஐயா. "நான் லீவு போட்ட அன்னிக்கு இது மேல போயிருக்குது. பொறுப்பு என்னுது."

"சரி. நாளைக்கு ஊர்வலம். அந்த ஆளை நான் வெளியே விட்டு, பட்டறை எரிஞ்சா? எரியாதுன்னு எழுதித் தருவீங்களா?"

"எரியாதுன்னு எழுதித் தர முடியாதுங்கய்யா. எங்களுக்குத் தெரியாதுன்னு எழுதித் தாரேன்."

"தெரியாதுங்கறதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அது உங்க வேலைங்கய்யா. எங்க வேலை, தெரியாததத் தெரியும்னு சொல்லாம இருக்கறது. இதுவரைக்கும் அதச் செய்யாம உட்டுட்டோம்."

கலெக்டர் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். கோப்பை இழுத்து, கையெழுத்துப் போடாமல் மேஜையின் ஓரத்தில் வைத்தார். "எரிஞ்சதுன்னா உங்க ரெண்டு பேர் பேரும் இந்த ஃபைல்ல இருக்கு. மறந்துராதீங்க."

படிக்கட்டு இறங்கும்போது ஐயா, "நாளைக்குச் சுருக்கெழுத்துக்கு நீங்களே போங்க" என்றார். "ஒளிஞ்சுக்கிட்டு இல்ல. போலீஸ் மேசையில உக்காந்து, எல்லாரும் பாக்கற மாதிரி." பதவி உயர்வுப் பட்டியல் பங்குனியில் வந்தது, என் பெயர் இல்லாமல். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்வரை என் அறிக்கைகளைக் கண்ணைத் திறந்துகொண்டே கேட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை பட்டறை வாசலுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் எனக்கு ஒரு மேஜை போட்டிருந்தார்கள். நாலேகாலுக்கு ஊர்வலம் வருகிற புழுதி தெரிந்தது. வெயில் சாய்ந்து புழுதிக்குள் ஆட்கள் மிதந்து வருவதுபோல இருந்தது. முதல் வரிசையில் பெண்கள். அவர்கள் இடுப்பிலும் தலையிலும் இருந்ததைப் பார்த்ததும் மேஜையை விட்டு எழுந்துவிட்டேன். கேன்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் கேன்கள். ஆறு இல்லை, முப்பதுக்கு மேல் இருக்கும்.

இன்ஸ்பெக்டர் ஒருவர் "லத்தி!" என்று கத்தினார். போலீஸார் எழுந்தார்கள். நான் இல்லாத ஒன்றைச் சொன்னேன், அது எப்படியோ உண்டாகி நடந்து வந்துவிட்டது என்று ஒரு கணம் நிஜமாகவே நம்பினேன். மாணிக்கம் முன்னால் ஓடிவந்து ஒரு கேனைத் தலைக்கு மேலே தூக்கினார். வெயில் அதற்குள் புகுந்து அது முழுவதும் ஊதாவாக ஒளிர்ந்தது.

"சார்! அடிச்சுப்போடாதீங்க! மோந்து பாருங்க! இது சீமெண்ணெய் இல்லைங்க, எங்க கெணத்துத் தண்ணி!"

பெண்கள் ஒவ்வொருவராக வந்து கேன்களைப் பட்டறை வாசலில் கவிழ்த்தார்கள். புழுதியில் ஊதா ஓடியது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

பிறகு மாணிக்கம் ஒரு மாட்டுவண்டிமேல் ஏறிப் பேசினார். நான் எழுதினேன்.

"ஆறு கேன் சீமெண்ணெய் வச்சிருக்கேன்னு சொல்லிப் போலீசு எங்க மலையச் சலிச்சுப்போட்டுப் போயிருக்குது. எம்பட ஊட்டு அடுப்புக்கே ரேசன்ல சீமெண்ணெய் கெடைக்கறதில்லீங்க! ஆறு கேன் கண்டுபிடிச்சிருந்தா எனக்கு ஒண்ணு குடுத்துட்டுப் போயிருக்கலாமல்ல?" கூட்டம் சிரித்தது. "இந்தப் பொய்யக் கட்டுனவன் எவனோ, ஈனப்பய, சோத்துல உப்புப் போட்டுத் திங்கறவனா இருந்தா இங்க வந்து எம்பட மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்!"

ஒரு சொல் விடாமல் எழுதினேன்.

பேசி முடித்து இறங்கியவர் நேராக என் மேஜைக்கு வந்தார். தொண்டை கட்டியிருந்தது. மேஜைமேல் இருந்த என் தண்ணீர் பாட்டிலைக் காட்டி, "குடிச்சுக்கட்டுங்களா?" என்றார். கொடுத்தேன். குடித்துவிட்டுக் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தார்.

"இதென்னங்க, கோழி கிண்டுன மாதிரி இருக்குது? நான் பேசுனது எல்லாம் இதுல இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"மாத்தி கீத்தி எழுதீரலையே? கடேசியாச் சொன்னதப் படிங்க பாக்கலாம்."

படித்தேன். "இந்தப் பொய்யக் கட்டுனவன் எவனோ, ஈனப்பய, சோத்துல உப்புப் போட்டுத் திங்கறவனா இருந்தா இங்க வந்து எம்பட மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்." அவர் முகத்தைப் பார்த்துத்தான் படித்தேன். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க எனக்கு அனுமதியும் இல்லை, தைரியமும் இல்லை.

"கரெட்டா எழுதீருக்கீங்க" என்று திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம் மணி கேட்டார். "அஞ்சே முக்காலா? ஐயையோ, எங்கூட்ல காலையிலிருந்து தறியில நிக்கறா. ஆறு மணிக்கு நான் மாத்தி உடோணும், இல்லீன்னா திட்டுவா. வாரேனுங்க." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தறித் தெருவுக்குள் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

கூட்டம் கலைந்தது. வேன் வரும்வரை நான் அந்தத் தெருமுனையில் நின்றேன். இரண்டு பக்கமும் நூறு தறிகள் ஒன்றாக ஓடுகிற சத்தம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். உள்ளே எங்கோ ஒரு தறி மட்டும் நின்றது. நாலைந்து மூச்சு விடுகிற நேரம். ஆள் மாறியிருப்பார்கள். மறுபடி ஓடத் தொடங்கியது.